ஸ்வெட்டருக்குள் குடியேறிய ராணி

வீட்டில் எலுமிச்சம்பழம் வாங்கிப் பத்து நாளாகிறது. ஆனாலும் கிளைடு காலையில் காபி ஊற்ற வந்தபோது அவன் விரல்களில் எலுமிச்சை மணத்தது. லோர்னாவுக்குப் புரிந்துவிட்டது. எழுந்ததும் பெண்டாட்டி முகத்தைக்கூடப் பார்க்காமல் அந்த எறும்பைத்தான் போய்த் தொட்டிருக்கிறான்.

செப்டம்பர் மழை விட்ட ஒரு மாலையில், ஒஹாயோவில் அவர்கள் வீட்டு வாசலிலேயே அகப்பட்ட, தொட்டால் எலுமிச்சையாய் மணக்கும் ராணி எறும்பு அது. பாதித் தண்ணீர் விட்டுப் பஞ்சு அடைத்த கண்ணாடிக் குழாயில் அதைக் குடிவைத்து, லென்ஸும் கையுமாக ஒரு வாரம் உட்கார்ந்து என்ன இனம் என்று கண்டுபிடித்திருந்தான். தன்னை அவன் அப்படி உற்றுப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று! போயும் போயும் ஓர் எறும்பின் மேல் பொறாமையா என்று லோர்னாவுக்கு வெட்கமாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது.

"என்ன, உன் மகாராணி முட்டை போட்டாச்சா?"

"இவ தனியாக் குடித்தனம் பண்ற ரகம் இல்ல. அடுத்தவ கூட்டுக்குள்ள பூந்து, அந்த வீட்டு மணத்தை உடம்புல பூசிக்குவா. அப்புறம் எல்லாரும் இவதான் ராணின்னு நம்பிடுவாங்க."

"ஏற்கெனவே இருக்கிற ராணி?"

"அவளை அவ பிள்ளைங்களே தீர்த்துக் கட்டிடும்."

அன்று லோர்னா தன் நீல ஸ்வெட்டரை வீடெல்லாம் தேடினாள். அது கிளைடின் மேசை இழுப்பறையில், குழாயைச் சுற்றிக் கிடந்தது.

"அவளுக்கு இருட்டு வேணும்ல?" என்றான், நிமிராமலே.

இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் பிற்பகல் அவன் கடைக்குப் போன சமயம் பார்த்து, குழாயைக் குப்பையில் வீசியே தீர்வதென்று இழுப்பறையைத் திறந்தாள். பஞ்சு வெளியே கிடந்தது. குழாய் காலி. ஸ்வெட்டரையும் காணோம்.

மாடியில், அவளுடைய படுக்கையறையில், கட்டில் கிறீச்சிட்டது. யாரோ கனமாகப் புரண்டு படுக்கும் சத்தம். படி வழியே எலுமிச்சை மணம் இறங்கி வந்தது. அதோடு கலந்து அவளுடைய சோப்பின் மணம், அவளுடைய வியர்வை மணம்.

கல்லூரியிலிருந்து வந்த மகள் பிரீடா அவளைத் தாண்டிப் போனாள். நின்றாள். திரும்பி வந்து அவள் கழுத்தருகே முகர்ந்தாள்.

"அப்பா, யாரு இது?"

"அடியே பிரீடா, என்னடி விளையாட்டு? நான் உன் அம்மாடி!"

கடையிலிருந்து திரும்பிய கிளைடு வாசலில் பைகளோடு நின்றான். பைகளைக் கீழே வைத்தான். அவனும் முகர்ந்தான். முகத்தில் கோபமே இல்லை.

மகள் இடது மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் வலது. ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். பொறுமையாக. விடாமல். தோளில் ஏதோ பிசகியது. லோர்னா அலறினாள்.

மாடியிலிருந்து குரல் வந்தது. லோர்னாவின் குரலேதான்.

"கீழ என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா," என்றாள் பிரீடா, இன்னும் பலமாக இழுத்தபடி.