கத்தரி வேரில் முடிச்சு

"கொஞ்சம் மடியில வெச்சுக்கோங்க…"

யாரென்று நிமிர்வதற்குள் ஷாரோனின் மடியில் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. செய்யூரிலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில், நிற்பவரின் சுமையை உட்கார்ந்திருப்பவர் வாங்கிக்கொள்வது எழுதாத சட்டம். மறுக்க முடியாது. அவள் கட்டியிருந்ததோ, தோழியின் நிச்சயதார்த்தத்துக்காக அம்மாவிடம் கெஞ்சி வாங்கிய பட்டுப்புடவை!

முறைக்கலாம் என்று தலையைத் தூக்கினாள். மழையில் நனைந்த சட்டை… நெற்றியில் ஒட்டிய முடி… அதற்குக் கீழே, சிரிப்பை ஒளிக்கத் தெரியாத இரண்டு கண்கள். முறைக்க மறந்துபோனாள்.

சரி, பார்வையைக் கீழே இறக்கினால்… கட்டுக்குள் கத்தரி நாற்று. அங்கேதான் வம்பு. பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் மூன்று வருடமாக வேர்களை ஆராய்ச்சி செய்பவளிடம் வேரைக் கொடுத்துவிட்டுச் சும்மா இரு என்றால் எப்படி? மெல்ல ஒன்றை உருவினாள். வேர் நெடுக முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது.

"இன்னாங்க இது? வெச்சுக்க சொன்னா பிரிச்சுப் பாத்துகினு கீறீங்க!"

"இதை எங்க கொண்டு போறீங்க?"

"செங்கல்பட்டுல விக்க. நான் வளத்த நாத்து."

"விக்காதீங்க. வேர்ல புழு இருக்கு."

பாதி பஸ் திரும்பிப் பார்த்தது. அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"புழுவா? வேர்க்கடலைய புடுங்கிப் பாருங்க, வேர்ல இதே மாதிரி முடிச்சு இருக்கும். முடிச்சு இருந்தா மண்ணு நல்லா கீதுன்னு அர்த்தம். எங்க ஊர்ல இதைக் காட்டித்தான் நாத்தே வித்தேன்!"

"கடலை முடிச்சு வேர் மேல ஒட்டிக்கிட்டு இருக்கும். நகத்தால தள்ளினா உதிர்ந்துடும். இது வேரே வீங்கினது. தள்ளிப் பாருங்க, உதிராது."

அவன் தள்ளிப் பார்க்கவில்லை. கட்டைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் கொட்டும் மழையில் இறங்கிவிட்டான். என்ன திமிர்! ஷாரோன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மழையில் நின்றபடியே அவன் ஒரு நாற்றை உருவி நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

உருவிய நாற்று அவள் கையிலேயே தங்கிவிட்டது. மடியில் கட்டிலிருந்து விழுந்த ஒரு சீட்டு. 'தீனதயாளன், நாற்றுப் பண்ணை.' கீழே போன் நம்பர். நாற்றைத் திருப்பிக் கொடுக்கத்தான்… வேறெதற்கும் இல்லை… என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுநாள் கூப்பிட்டாள்.

"உங்க நாத்து ஒண்ணு என்கிட்ட இருக்கு."

யாரென்றுகூட அவன் கேட்கவில்லை. "உதிரல" என்றான்.

அந்தக் குரலில் திமிர் இல்லை. "உள்ள என்ன இருக்குன்னு வந்து பாக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

அவள் கல்லூரி ஆய்வகத்துக்கு வந்தான். நுண்ணோக்கியில் குனிந்தான். "அட… பேரிக்காய் மாதிரி வெள்ளையா இன்னாவோ கீது!"

"பெண் புழு. நூல் மாதிரி உள்ள நுழையும். ஊசி மாதிரி வாயால குத்தி எச்சிலை விடும். அப்புறம் அந்த இடத்தை விட்டு நகராது."

"அப்ப முடிச்சைக் கட்டுறது யாரு?"

"செடிதான்."

"செடியா? தன்னைக் கடிக்கிறதுக்கு அது எதுக்கு வூடு கட்டித் தரணும்?"

ஷாரோனுக்குச் சிலிர்த்தது. மூன்று வருடமாக அவள் துரத்தும் கேள்வி!

"அந்த எச்சில் செடியோட மரபணுக்களைக் குழப்பிடுது. எதிர்த்து நிக்கிறது அடங்கிடும். தூங்க வேண்டியது முழிச்சுக்கும். செல் பிரியாமலே பல மடங்கு பெருசாகும். தன் சொந்த வேலைன்னு நினைச்சுக்கிட்டு, செடி அந்தப் புழுவுக்குச் சமைச்சுப் போடும்."

"ஏமாந்துகினு கீறது அதுக்குத் தெரியாதா?"

"எப்படி ஏமாத்துதுன்னு எங்களுக்கே முழுசா தெரியாது."

"இன்னொரு வாட்டி பாக்கட்டா?" என்று மறுபடி குனிந்தான். அவன் புழுவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். இப்படி ஆசையாக யாரும் அவளிடம் கேள்வி கேட்டதில்லை.

நிமிர்ந்தபோது அவன் முகம் வாடியிருந்தது. "எங்க ஊர்ல அஞ்சு வூடு இந்த நாத்தை நட்டுட்டாங்க."

"சொல்லிடுங்க. புடுங்கி எரிக்கணும். இல்லன்னா மண்ணெல்லாம் பரவிடும்."

"எங்க நைனா ஆயுசு பூரா அடுத்தவன் நிலத்துல கூலிக்குப் போனாரு. எங்க வூட்ல மொத மொத சொந்தமா தொழில் வெச்சவன் நான். சொன்னா என் பேரு இன்னா ஆவும்?"

"சொல்லலைன்னா அவங்க மண்ணு என்ன ஆகும்?"

எழுந்து போய்விட்டான்.

ஆறு நாள். போன் வரவில்லை. சாப்பிடாமல் இருந்தால் அம்மா காரணம் கேட்பாள் என்பதற்காகவே ஷாரோன் சாப்பிட்டாள். நான்தான் கடுமையாகப் பேசிவிட்டேனோ… பேசாமல் இருந்திருந்தால் மட்டும் அந்த மண் பிழைத்துவிடுமா?

ஏழாம் நாள் அவன் குரல். "நாளைக்கு ஒரே ஒரு வூட்டுக்குத் துணைக்கு வர்றீங்களா? தனியா போனா வாய் வரல."

போனாள். அன்றைக்கு மட்டுமல்ல, தினம் ஒரு வீடாக ஐந்து நாளும் போனாள். திட்டு வாங்கினான். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.

கடைசி வீடு சந்திரம்மாவுடையது. கத்தரி ஊதாவாகப் பூத்து நின்றது. தீனதயாளன் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, சந்திரம்மா ஒரு செடியைப் பிடுங்கி வேரை நகத்தால் தள்ளிப் பார்த்தாள்.

"முடிச்சைக் காட்டித்தானேடா நல்ல நாத்துன்னு சொன்ன?"

"ஆமாக்கா. எனக்கே தெரியல. தப்பு என்னுதுதான். நானே புடுங்கி எரிச்சுடறேன். அடுத்து இங்க செண்டுமல்லி போடுங்க, புழு அடங்கும்."

"இனிமே உன்கிட்ட நாத்து வாங்குறதா வேணாமான்னு யோசிக்கணும்."

"யோசிங்கக்கா." அவன் குனிந்து பிடுங்க ஆரம்பித்தான். ஷாரோன் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுத்த பாத்தியில் இறங்கினாள்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் தூறல். இருவர் கையிலும் மண்.

"ஒரு வூட்டுக்குத்தான் கூப்ட்டேன். அஞ்சு நாளும் வந்தீங்களே… ஆராய்ச்சிக்கா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சுலபம். ஆனால் ஐந்து வாசலில் நின்று, பேர் போனாலும் போகட்டும் என்று உண்மை சொன்னவன் முன்னால் பொய் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

"இல்ல… ஆராய்ச்சிக்கு முதல் வீட்டு வேரே போதும். உங்களைப் பாக்கத்தான் வந்தேன். எனக்கு உங்களை ரொம்பப் புடிச்சிருக்கு."

அவன் கண்கள் நிறைந்தன. மழை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாத அளவுக்குத் தூறல் சின்னதாக இருந்தது.

"எனக்கும்தாங்க. ஆறாவதா உங்க வூட்டு வாசல்ல வந்து நின்னு இதைச் சொல்லணும்னு இருந்தேன். பயமா இருந்துச்சு."

ஷாரோன் சிரித்தாள். "வாங்க. அங்கயும் துணைக்கு நான் வரேன்."