குழாய்க்குள் போன புகை

ஊதுபத்திப் புகை துளைக்குள் போனது. திரும்பி வரவில்லை.

அர்ஜுனன் பத்தியை மறுபடியும் சப்வூஃபர் ஒலிபெருக்கிப் பெட்டியின் துளைக்கு நேராகப் பிடித்தான். ஜெலுத்தோங்கில் இருந்த தன் வீட்டுக் கூடத்தில் அவனே பலகை அறுத்து ஒட்டிய பெட்டி அது. ஹோம் தியேட்டர் கடை வைத்திருக்கும் பஷீர் அண்ணன் மாதிரிக்கு ஒன்று செய்யச் சொல்லியிருந்தார். சத்தம் ஆழமாக வர வேண்டும், ஆனால் துளையில் காற்று புஸ்ஸென்று சீறக் கூடாது. அதற்காகத்தான் துளையில் பிளாஸ்டிக் குழாயைச் செருகுவதும், நீளத்தைக் குறைப்பதும் கூட்டுவதும், புகை காட்டிப் பார்ப்பதும். பெட்டி ஒலிக்கும்போது புகை முன்னும் பின்னும் ஆட வேண்டும். இப்போது பெட்டி ஒலிக்கவே இல்லை. ஆம்ப்ளிஃபையரை அணைத்து வெகுநேரமாகிவிட்டது.

மழைக் காற்றாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் தொட்டில் தொங்கியது. உள்ளே தர்ஷினி, மூன்று மாதக் குழந்தை. அவளுக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இரண்டுமே தூக்கத்தில் மூச்சு நின்று போனவை. இவளும் போய்விட்டால் அவன் மனைவி நவமணி உயிரோடு இருக்க மாட்டாள். அர்ஜுனனுக்கு அது நன்றாகத் தெரியும்.

பகலெல்லாம் ஒரே அழுகையாக இருந்த பிள்ளைதான். ஒருநாள் அவன், காதுக்கு எட்டாத, நெஞ்சு மட்டும் உணருகிற அடிமட்ட ஒலியைப் போட்டுச் சோதித்தபோது, யாரும் தொடாமலே ஸ்பிரிங் தொட்டில் மேலும் கீழும் ஆட ஆரம்பித்தது. அழுகை அப்படியே நின்றது. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அதை ஓடவிட்டார்கள்.

"உங்க பேய்ப் பெட்டி நல்லாத்தான் வேலை செய்யுதுலா," என்று நவமணி சிரித்தாள். "நா சமைச்சு முடிக்கிற வரைக்கும் ஓடட்டுங்க."

இன்று அவள் அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். கூரையில் மழை கொட்டியது, வாசல் சாக்கடை நிரம்பி நாறியது, கூடத்தில் பசையும் மரத்தூளுமாக மணத்தது. அத்தனைக்கும் நடுவே துளையிலிருந்து வேறொரு வாடை வந்தது. பால் வாடை. கழுத்து மடிப்பில் பால் வழிந்து காய்ந்த பிள்ளை வாடை.

அவன் குனிந்து காதை வைத்தான்.

ஹ்ஹூ... ஹ்ஹூ...

சீறல் இல்லை. சின்ன, சீரான மூச்சு.

"என்ன எழவுடா இது," என்று முணுமுணுத்தபடி பிளக்கைப் பிடுங்கினான். பெட்டிக்குப் போகும் ஒயரையும் கழற்றினான். மூச்சு நிற்கவில்லை. தொட்டிலும் ஆடிக்கொண்டிருந்தது. தோளில் கிடந்த துண்டைச் சுருட்டித் துளையில் திணித்து இறுக்கி அடைத்தான்.

மூச்சு நின்றது. அப்பாடா என்றிருந்தது.

தொட்டிலும் நின்றது.

நிமிர்ந்து உள்ளே பார்த்தான். தர்ஷினியின் நெஞ்சு அசையவில்லை. உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது.

துண்டை உருவினான்.

நெஞ்சு ஏறியது.

வேண்டாம், வேண்டாம் என்று மனசு கெஞ்சியது. ஆனாலும் உள்ளங்கையால் துளையை ஒரு கணம் மூடினான். நெஞ்சு நின்றது. எடுத்தான். ஏறியது.

"நவமணி!"

கத்தின வேகத்தில் பிள்ளை விழித்துக்கொண்டாள். முகம் சிவந்தது. வாய் அகலத் திறந்தது. அதிலிருந்து சத்தமே வரவில்லை.

அழுகை பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

நவமணி கரண்டியோடு ஓடி வந்தாள். தொட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பெட்டியின் முன் விழுந்து, துளைக்குள் கையை விட்டாள். முழங்கை வரை. தோள் வரை. அந்தப் பெட்டியில் அவ்வளவு ஆழம் கிடையாது.

"நவமணி, இங்க பாரு! பிள்ள இங்கதான் இருக்கா!"

"இல்லங்க." அவள் கன்னத்தைப் பலகையில் அழுத்தி அழுதாள், சிரித்தாள். "இங்கதாங்க இருக்கா. என் விரலப் புடிச்சிக்கிட்டா."

பெட்டியில் அழுகை அடங்கியது.

தொட்டிலில் கிடந்தது வாயை மூடிக்கொண்டு அர்ஜுனனைப் பார்த்தது.