எலுமிச்சை நிறம் வரும்வரை

சோதனைக் குழாயிலிருந்த நீரில் பச்சை கலந்திருந்தது. நேற்று அது நீலமாக இருந்தது.

காசிலிங்கம் குழாயைச் சன்னலருகே உயர்த்தி, மரக்காணத்து மே மாத வெயில் அதனூடே விழுமாறு திருப்பிப் பார்த்தார். பச்சைதான். பதினெட்டு நாள்களாக அந்த மீன்தொட்டியில் அவர் ஒரு சொட்டு நீரும் ஊற்றவில்லை. மகள் பூங்காவனத்தின் காரியம் முடிந்தே இரண்டு நாள்கள்தாம் ஆகியிருந்தன. இந்த அனலில் நீர் நான்கு விரற்கடையாவது வற்றியிருக்க வேண்டும். ஆனால் தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. அதன் அருகே, சிமென்டுத் தரையில், ஒரு சொம்பின் அடிப்பாக அளவில் வெள்ளை வளையம் ஒன்று காய்ந்து கிடந்தது. அவர் விரலால் தொட்டு நாவில் வைத்தார்.

உப்பு.

உப்புக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் உதவியாளரான அவர், சென்ற தைமாதம் சென்னையிலிருந்து பத்து நியான் மீன்களை மகளுக்காக வாங்கி வந்தார். நீலமும் சிவப்புமாக, தீக்குச்சி நீளத்தில் இருந்தன. மென்மையான, சற்றே புளித்தன்மையுள்ள காட்டாற்று நீரில் பிறந்த இனம். நீரில் காரம் மிகுந்தால் இரண்டு சொட்டு அமிலம் விட்டால் போதும் என்று விற்றவன் சொன்னான். உயிரை விற்பவனுக்கு இத்தனை அலட்சியம் ஆகாது. கிளிஞ்சல் மண்ணில் ஊறிய இவ்வூர்க் கிணற்று நீர் அமிலத்தை விழுங்கிவிட்டு, விடிவதற்குள் பழைய நிலைக்கே திரும்பிற்று. அந்த ஏற்ற இறக்கத்தில் நான்கு மீன்கள் செத்தன.

அதன்பின் அவர் முறையாகச் செய்தார். முதலில் நீரின் கடினத்தன்மையைக் குறைக்க வேண்டும், அதற்கு மழைநீர். புளிப்பு மெல்ல ஏற, உலர்ந்த வாதுமைச் சருகு. அது ஏற ஏற, குழாயில் விடும் சோதனைத் துளி நீலத்திலிருந்து பச்சையாகி மஞ்சளாகும். நாளொன்றுக்கு ஒரு சொம்பு வெளியே, ஒரு சொம்பு உள்ளே, அதற்குமேல் கூடாது. அந்த வேலையை மகளிடம் விட்டிருந்தார். மாலை நான்கரை மணிக்கு அவள் சொம்போடு நிற்பாள். "போதுமாப்பா?" என்று தினமும் கேட்பாள். "எலுமிச்சம்பழ நிறம் வந்துட்டா போதும், கண்ணு. அப்புறம் நீ ஊத்தவே வேணாம்" என்பார் அவர்.

சேமித்த மழைநீர் சித்திரையில் தீர்ந்தது. பிறகு ஒரு பிற்பகல், எதிர்பாராமல் கோடைமழை. உப்பளத்தில் மழைநீர் உப்புநீரோடு உடனே கலவாது. கனத்த உப்புநீரின்மேல் தனிப்படலமாக நிற்கும். மேல்தண்ணி என்பார்கள். விளைந்த உப்பு கரைந்துவிடாதபடி, மடையின் மேற்பலகையை மட்டும் நீக்கி, எல்லாப் பாத்திகளிலிருந்தும் அதைப் பக்கத்துக் குளத்தில் வடித்துவிடுவார்கள். அன்று முற்றத்து அண்டாவில் அரைச் சொம்பும் சேரவில்லையென்று மகள் சிணுங்கினாள். பாதித் தூக்கத்திலிருந்த காசிலிங்கம் எரிச்சலோடு சொன்னார்: "குளத்துல ஒரு சாண் மேல்தண்ணி நிக்குது. போய் மொண்டுக்கினு வா."

கேலியாகச் சொன்னார். அவள் போனாள்.

வேலியிட அந்தக் கம்பெனிக்குப் பத்தாண்டுகளாக நேரம் கிடைக்காத உப்புநீர்க் குளம் அது. கனத்த நீர் அவளை அடிக்குப் போகவிடவில்லை. குப்புறக் கவிழ்ந்து, அந்த ஒரு சாண் நன்னீருக்குள் முகம் புதைந்து மிதந்தாள். சொம்பு கிடைக்கவே இல்லை.

"அங்க போவச்சொல்லிப் புள்ளைக்கு யாருங்க சொன்னது?" மனைவி அஞ்சலை ஒவ்வொரு நாளும் கேட்டாள். ஒவ்வொரு நாளும் அவர் முற்றத்துக்கு எழுந்துபோனார்.

"தொட்டியில தண்ணி ஊத்தினியா?" என்று இப்போது அவர் கேட்டார்.

"நான் ஏங்க ஊத்தறேன்? அதும் பக்கம் திரும்பக்கூட மனசு வரல."

மறுநாள் நான்கரை மணிக்கு அவர் தொட்டியருகே அமர்ந்திருந்தார். காற்று நின்றது. சேற்றுவாடையும் ஈரத்துணி வாடையும் அறைக்குள் பரவின, கதவு அசையவில்லை, ஆயினும் வாசற்படியிலிருந்து தொட்டிவரை, ஒன்றன்பின் ஒன்றாக, சின்னஞ்சிறு ஈரப் பாதங்கள் தரையில் பதிந்து, அவர் பார்த்திருக்கும்போதே காய்ந்து வெளுத்தன. ஐந்து விரல்களும் தெளிவாக இருந்தன. நீரில் நீர் விழும் ஓசை. மீன்கள் ஆறும் மேலே வந்து வாய் திறந்தன.

அவர் அழுதார். அச்சத்தைவிட அதிகமாக ஆனந்தம் இருந்தது.

நாள்கள் சென்றன. குழாயில் பச்சை வெளிறி மஞ்சளை நெருங்கிற்று. ஒரு காலை அதைப் பார்த்தபோதுதான், தாம் மகளுக்குச் சொல்லியிருந்த வாக்கு அவருக்கு நினைவு வந்தது. எலுமிச்சை நிறம் வந்துவிட்டால் அவள் ஊற்ற வேண்டியதில்லை. அப்புறம் வரவும் வேண்டியதில்லை.

கடற்கரைக்குப் போய் ஒரு பை நிறையக் கிளிஞ்சல் பொறுக்கி வந்து, நொறுக்கித் தொட்டியில் கொட்டினார். நிறம் நீலத்திற்குத் திரும்பிற்று. இரண்டு மீன்கள் மல்லாந்தன. மாலையில் பாதங்கள் வந்தன. அதுவே போதுமானதாக இருந்தது.

ஒரு வாரத்தில் மேலும் மூன்று மீன்கள் செத்தன.

"சார், ஒண்ணு சொல்லணும்" என்றான் மடைக்காவலன் பக்கிரி. "சாயந்தரமானா குளத்துல என்னவோ அடிச்சுக்குது. நான் குடிக்கல சார், வேணுன்னா என் பொண்டாட்டிய கேளுங்க. மீனு கூட இல்லாத தண்ணி அது."

அன்று நான்கு மணிக்கே காசிலிங்கம் குளத்தங்கரைக்குச் சென்றார். சுற்றிலும் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசச்செய்தன. ஆளில்லை. அசைவில்லை. திடீரெனக் கரையோரம் சேறு வழுக்கிற்று. நீர் உடைந்தது. சின்னக் கைகள் அடிப்பதுபோல் நீர் தெறித்தது. இருமல். மூச்சுக்கான இழுப்பு. மறுபடியும் அடி. மெதுவாக. இன்னும் மெதுவாக. பிறகு இல்லை.

பிறகு கரைமேல் ஒரு பாதம் பதிந்தது. அவரைக் கடந்து வீட்டுப் பக்கம் நடந்தது. உப்பில் கரைந்ததுபோல் அதில் மூன்று விரல்களே இருந்தன.

ஒவ்வொரு சொம்புக்கும் ஒருமுறை சாகிறாள்.

அவர் ஓடினார். வீட்டு வாசலில் பாதங்கள் அவருக்கு முன்னரே ஏறியிருந்தன. தொட்டியில் கிளிஞ்சல்களைக் காணவில்லை.

"நான்தாங்க மூணு நாளா கொஞ்சங்கொஞ்சமா எல்லாத்தையும் அள்ளி வெளிய போட்டேன்" என்றாள் சமையலறை வாசலில் நின்ற அஞ்சலை. "மீனு செத்துக்கினே இருக்குது, பாத்துக்கினே இருக்கீங்க."

நீர் விழுந்தது. அவர் குழாயில் நீரெடுத்துச் சோதனைத் துளியை விட்டார். நீலமன்று. பச்சையுமன்று. எலுமிச்சை. கடைசி மீன் தெளிந்த நீரில் அமைதியாகத் துடுப்பசைத்தது.

தொட்டியருகே, அவர் இடுப்புயரத்தில், உப்பு அடைத்த தொண்டையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நீ சொன்ன மாதிரி மேல்தண்ணி மட்டுந்தான் மொண்டேன். போதுமாப்பா?"

அஞ்சலையின் பார்வை தரையிலிருந்த வெள்ளைத் தடங்களில் தொடங்கி, கணவரின் முகத்திற்கு வந்து, அங்கேயே நின்றது. எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மிகத் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"போதும்னு சொல்லிடுங்க. புள்ளைக்குக் கால் வலிக்கும்."

அவர் வாய் திறந்தார். ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் நாளை நான்கரை மணிக்கு இந்த வீடு வெறும் வீடாகிவிடும்.

"இன்னும் ஒரு சொம்பு, கண்ணு."

குரல் மறுக்கவில்லை. தரையிலிருந்த தடம் மெல்லத் திரும்பி, வாசலை நோக்கி நடந்தது. இம்முறை அதில் விரல்களே இல்லை. வட்டமாக, வெள்ளையாக, ஒன்றன்பின் ஒன்றாக, படியிறங்கி, வெயிலில் பளபளத்துக்கொண்டு, குளத்தின் பக்கம்.