கிளம்பும் முன்னே வந்தவன்

ட்ரிங்... ட்ரிங்...!

மேலைநாட்டில் குடும்பத்தோடு குடியேறிவிட்ட மாமனார் ஸ்பீக்கரை அழுத்தினார். உலகத்தின் அந்தக் கோடி விமான நிலையத்திலிருந்து இளைய மாப்பிள்ளையின் குரல் வெடித்தது. அவன் பைலட்.

“மாமா! ஞாயித்துக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு இங்கேருந்து கிளம்புறேன். அதே ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு என் வீட்டு பாத்ரூம்ல பாடிக்கிட்டிருப்பேன்!”

மூத்த மாப்பிள்ளை கொல்லென்று சிரித்தான். அவன் கேஸ் அடுப்பு மெக்கானிக்.

“புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமா சகலை? கிளம்புறதுக்கு முன்னாடியே எப்படிய்யா வந்து சேருவே?”

“நம்பாட்டி போங்க!”

மாமனார் மெக்கானிக்கை முறைத்தார்.

“ஏம்ப்பா, மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

அந்த வார்த்தைதான்...!

நேற்று வந்தவன் ‘மாப்பிள்ளை’. பத்து வருஷமாக இந்த வீட்டு அடுப்பைக் கூலியில்லாமல் பார்ப்பவன் ‘ஏம்ப்பா’!

மெக்கானிக்கின் வயிறு எரிந்தது. சிலிண்டர் இல்லாமலே எரிந்தது! அந்தத் தீயில் ஒரு ஊருக்கே சமைக்கலாம்.

செல்போனில் தேடினான். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே பத்தாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். பன்னிரண்டு மணி நேரம் பறக்க வேண்டும்.

‘ஆக, பய வர்றது திங்கள் காலையில... வந்ததும் ஸ்விட்சைத் தட்டுவான்... டமால்!’

கொழுந்தியாள் அம்மா வீட்டில் இருந்தாள். பைலட் வீட்டு மாற்றுச் சாவி, மெக்கானிக் மனைவியின் கைப்பையில்.

ஞாயிறு மதியம்.

மெக்கானிக் பூனை போல உள்ளே நுழைந்தான். சமையலறை ஜன்னல்களை அடைத்தான். எங்கேயோ தண்ணீர் கொட்டும் சத்தம்... மாடி வீட்டில் யாரோ குளிக்கிறார்கள்!

கேஸ் ட்யூபைப் பிடுங்கினான்.

புஸ்ஸ்ஸ்...!

“யாரு? சகலையா?”

மெக்கானிக் திரும்பினான்.

இடுப்பில் துண்டு. தலையில் சோப்பு நுரை. சாட்சாத் பைலட்!

“நீ... நீ இன்னும் அங்கேயே கிளம்பலையேடா!”

“அதான் வந்துட்டேனே! சொன்னா நம்புறீங்களா? ஆமா, ஏன் இப்படி இருட்டா இருக்கு?”

பைலட்டின் ஈரக்கை ஸ்விட்சை நோக்கிப் போனது.

“ஐயோ, தொடாதே! ரெண்டு பேரும் செத்துடுவோம்! கேஸைத் திறந்து விட்டிருக்கேன்!”

கத்திய பிறகுதான் மெக்கானிக்குக்குத் தன் வாயின் மேல் கோபம் வந்தது.

அரை மணி நேரத்தில், பக்கத்து வீட்டு வாசலில் இன்ஸ்பெக்டர், விலங்கு, மாமனார்.

“அதெப்படி சார் முன்னாடியே வந்தீங்க?” இன்ஸ்பெக்டரே தலையைச் சொறிந்தார்.

பைலட் நுரையைத் துடைத்தான்.

“பன்னெண்டு மணி நேரம் பறந்துதான் சார் வந்தேன். நடுக்கடல்ல தேதிக் கோடுன்னு ஒண்ணு இருக்கு. கிழக்குப் பக்கமா அதைத் தாண்டினா, காலண்டர் ஒரு நாள் பின்னாடி போயிடும்; வர்ற வழியில கடிகாரம் ஏழு மணி நேரம் முன்னாடி ஓடும். அங்க ஞாயிறு ராத்திரி கிளம்பினா, இங்க ஞாயிறு மத்தியானம்தான்.”

மாமனார் மெக்கானிக்கின் அருகே வந்தார்.

“இப்பவாவது நம்புறீங்களா... மாப்பிள்ளை?”

பத்து வருஷம் ஏங்கிய வார்த்தை! கையில் விலங்கு விழுந்த பிறகா வரவேண்டும்?

மெக்கானிக் மூக்கை உறிஞ்சினான்.

“நம்புறேன் மாமா... அவன் கிளம்புறதுக்கு முன்னாடியே வந்துட்டான். நான்தான் வந்த உடனே கிளம்பியிருக்கணும்!”