துண்டுக்குள் பேசியது

பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போன வினோதினி, பாதி பாட்டிலோடு திரும்பி வந்து, ஓடையோரம் ஒரு தாத்தா தன்னைப் பல்லைக் காட்டச் சொன்னதாகச் சொன்னாள்.

“காட்டினியா?” என்றாள் ஜோதி.

“காட்டினேம்மா. கடவாப்பல்லு ஒண்ணு இன்னும் விழணும்னாரு. அப்புறம் உச்சந்தலையைத் தடவிப் பாத்து, சுழி சுத்தமா இருக்குன்னாரு.”

ஜோதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “உங்க ஆளுதாங்க. மலைக்கு வந்தும் மாட்டு யாவாரத்தை விடல பாருங்க” என்று கணவனை இடித்தாள். வீரமணியும் சிரித்தான். ஆண்டிமடம் பக்கம் மாட்டுத் தரகனான அவனை மீறிக் கைமாறும் மாடு குறைவு. பல்லும் சுழியும் பார்த்துத்தான் அவன் வீட்டில் உலை கொதித்தது, வாசலில் காரும் வந்து நின்றது. சிரித்து முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. மாட்டுக்குப் பார்ப்பதை யாரும் பிள்ளைக்குப் பார்ப்பதில்லை.

அடைமழை ஓய்ந்து மலை தெளிந்திருந்த நேரம். பேர்போன அருவிகளில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அப்புமென்று, பெரம்பலூர் டீக்கடையில் விசாரித்து, பச்சைமலையில் பெயர்ப்பலகையும் டிக்கெட்டும் இல்லாத இந்த அருவியை அவன்தான் தேடிப் பிடித்தான். சும்மா கிடைப்பதை விடுகிற ஆளில்லை. காரை விட்டு இறங்கியபோது காதருகே கொட்டுவதுபோல் இரைந்த அருவி, நெருங்க நெருங்க அடங்கிக்கொண்டே வந்தது. இப்போது கண்ணெதிரே வெள்ளைவெளேரென்று இறங்குகிற அத்தனை தண்ணீரும், பஞ்சு மூட்டையைப் பிரித்துக் கொட்டுவதுபோல் ஓசையில்லாமல் விழுந்தது. பாறையெல்லாம் பாசி. மூங்கில் சருகு அழுகிய மணம், அதற்கும் அடியில் நனைந்த மாட்டின் வாடை. சேற்றில் ஒரு குளம்படிகூட இல்லை.

தாயும் மகளும் தண்ணீரில் இறங்கினார்கள். வீரமணி பாறையில் உட்கார்ந்தான். எப்போது வந்தாரென்று தெரியாமல் பக்கத்தில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். சலவை மடிப்புக் கலையாத வேட்டி. தோள் துண்டை எடுத்து வலக்கை மேல் போட்டு, அவன் பக்கம் நீட்டினார்.

வீரமணிக்குக் கை அரித்தது. துண்டுக்குள் விரலைப் பிடித்து, சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியாமல் விலை பேசுவதில் சந்தையில் அவனை அடிக்க ஆளில்லை. பெரியவருக்குப் பொழுது போகவில்லை போல, விளையாடிப் பார்ப்போமே என்று கையை உள்ளே விட்டான்.

உலர்ந்த துண்டுக்குள் இருந்த கை ஈரமாக இருந்தது. பல நாள் தண்ணீரில் ஊறியதுபோல், தொட்ட இடத்தில் தோல் நழுவியது. அப்போதே உருவிக்கொண்டிருக்கலாம். ஆனால் கிழவர் அதற்குள் அவன் விரலைப் பிடித்து விலை கேட்டுவிட்டார். வாங்குகிறவன் கேட்ட விலைக்கு மேலே ஏற்றாமல் கையை எடுப்பது வீரமணியின் ரத்தத்திலேயே இல்லை. ஒரு விரல் கூட்டினான். ஒத்துக்கொண்டார். இன்னொன்று. அதற்கும் ஒத்துக்கொண்டார். முனகல் இல்லை, எழுந்து போகிற பாவனை இல்லை. இப்படி ஒரு கிராக்கியை அவன் கண்டதேயில்லை. நாக்கில் எச்சில் ஊற, கையை இறுக்கி அழுத்தினான். பேரம் முடிந்தது.

அப்புறம்தான் தன்னையே கேட்டுக்கொண்டான். எதுக்கு?

விலை பேசும்போது வாங்குகிறவன் தரகன் முகத்தைப் பார்க்கமாட்டான். மாட்டைப் பார்ப்பான். கிழவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீரில் வினோதினி.

“ஐயா, சும்மா விளையாட்டுக்குங்க. இது பேரம் இல்லைங்க.”

“துண்டுக்குள்ள பேசினதை வெளியில மாத்திப் பேசப்படாது, தரகரே.” குரல் சாந்தமாக இருந்தது. “உங்க கயிறு உங்களுக்கு. என் கயித்த நான் கொண்டாந்திருக்கேன்.”

உதறினான். துண்டு நழுவி விழுந்தது. பாறையில் அவன் மட்டும்.

மூடிய கைக்குள் ஏதோ இருந்தது. சிவப்பு ரிப்பன். காலையில் ஜோதி மகளுக்குக் கட்டிவிட்டது. விற்கிறவன் தன் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொள்வான். வாங்குகிறவன் புதுக்கயிறு போட்டு ஓட்டிப் போவான். ஆயிரம் தடவை பார்த்த வழக்கம்.

ஓடினான். மகளை அள்ளித் தோளில் போட்டான். ஜோதி என்னவென்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள். கார். கதவைப் பூட்டினான். கண்ணாடிகளை ஏற்றினான்.

ஒரு வளைவு. இன்னொரு வளைவு. விலக விலக அருவியின் இரைச்சல் ஏறியது. காருக்குள் மாட்டு வாடை.

“ஏங்க.” ஜோதி பின்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பாப்பா கழுத்துல என்னங்க அது?”

கண்ணாடியில் பார்த்தான்.

புதுக்கயிறு. நிறம் மங்காத நார். கழுத்தைச் சுற்றி, சீட்டின் மேல் ஓடி, மூடிக் கிடந்த பின்கண்ணாடிக்குள் புகுந்து வெளியேறி, அவர்கள் தாண்டி வந்த வளைவுகளுக்கு மேலே மலை வரைக்கும் விறைத்து நின்றது. கார் ஓடிக்கொண்டிருந்தது. கயிறு அறுபடவில்லை. தொய்யவும் இல்லை. வினோதினி சீட்டில் மண்டியிட்டு, மலைப்பக்கம் திரும்பி, வாயில் எதையோ நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தாள்.