பதில் மாப்பிள்ளை

கஸ்பருக்கு விரல்கள் பத்தும் விறைத்துப் போயிருந்தன. விடியமுதல் மீன் குளிரறையில் பெட்டி தூக்கிய கை. எத்தனை கையுறை போட்டாலும் அந்தக் குளிர் எலும்புக்குள் போய்க் குந்திக்கொள்ளும். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதுதான் நோவாக வெளியே வரும். இன்றைக்கு வீட்டுக்கும் போகவில்லை. ஸ்ட்ரெதமில் இறங்கி, முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, றோஸ்மலர் அக்காவின் தெருவுக்குள் திரும்பினார். நேரம் பின்னேரம்தான். ஆனால் கார்த்திகை மாதத்து லண்டனில் பின்னேரம் என்று ஒன்று இருப்பதில்லை; மத்தியானம் முடிய இருட்டு வந்து நின்றுவிடும்.

வீடு பழையது. முன்கதவில் நிறக்கண்ணாடி, உள்ளே ஈரம் ஊறிய சுவர் மணம். இதே படிகளில் அவர் மாசி மாதம் ஏறியது பட்டு வேட்டியோடு, மாப்பிள்ளையாக.

பதில் மாப்பிள்ளையாக.

அக்காவின் மகன் றொஷான் அமெரிக்காவில் சித்தப்பனோடு இருந்து படித்தவன். படிப்பு ஏறவில்லை, அந்த நாட்டு ஆமியில் சிப்பாயாகச் சேர்ந்தான். லண்டனிலேயே, சட்டனில் இருந்த றூபினியைப் பெண் பேசி முடிய, அவனைப் பாலைவன நாடொன்றுக்கு அனுப்பிவிட்டார்கள். லீவு இல்லை. அங்கே ஆமிக்காரருக்கு ஒரு வழி இருந்தது: பெண்ணும் மாப்பிள்ளையும் போகாமலே, இரண்டு பேருக்கும் பதிலாக வேறு ஆட்கள் நின்று அமெரிக்காவில் பதிவு எழுதலாம். கலியாணத்தன்றே அதை அங்கே வக்கீல் பார்த்துக்கொண்டார். வேதக்கோயிலில் கலியாணப் பூசை அவன் வந்த பிறகு. ஆனால் தாலி ஏறாமல் மருமகளை வீட்டுக்குள் எடுக்க அக்காவுக்கு மனமில்லை. தாய்மாமன் கட்டட்டும் என்றாள்.

"நீதவான் வராட்டில் பதில் நீதவான் இருக்கிற மாதிரி நான் பதில் மாப்பிள்ளை" என்று கஸ்பர் அன்றைக்குப் பகிடி விட்டார். தங்கத் தாலிக்கொடி அலுமாரிக்குள் இருந்தது. அதை றொஷான் வந்து போடுவான். இப்போதைக்கு மஞ்சள் கயிறு. கட்டப்போகும் நேரம் டெலிபோன் அடித்தது. படம் வரவில்லை, றொஷானின் குரல் மட்டும். பின்னால் காற்று இரைந்தது.

"மாமா, ரெண்டு முடிச்சுத்தான். மூண்டாவது என்ர. நான் வந்து போடுவன்."

"சரியடா, உனக்கு ஒரு முடிச்சுக் கடன். வந்து வாங்கு."

அறையில் இருந்த எல்லாரும் கேட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது. மணல் காற்றில் லொறி புரண்டு, றொஷான் மண்ணுக்குள் போய்விட்டான். அது நடந்தது கலியாணத்துக்கு முதல் நாள்.

முதல் நாள்.

அதற்குப் பிறகு அந்த டெலிபோனைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பதிவு எழுதும்போது மாப்பிள்ளை உயிரோடு இல்லாதபடியால் பதிவு செல்லாது என்று ஆமி சொல்லிவிட்டது. றூபினி பெண்சாதியும் இல்லை, விதவையும் இல்லை. அக்காவுக்கு மட்டும் அவள் மருமகள். அக்கா அழுத அழுகையைப் பார்த்து, அந்தப் பிள்ளை கயிற்றைக் கழற்றாமல் இந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

இப்போது அவளே டெலிபோன் எடுத்திருந்தாள். தகப்பன் சட்டனுக்கு வரச்சொல்கிறார், கயிற்றோடு போக ஏலாது, கட்டின கை அவிழ்த்தால்தான் மாமி விடுவா, ஒருக்கா வாங்கோ என்று.

கதவைத் திறந்த அக்கா பாதியாக வற்றியிருந்தாள். "சாப்பிட்டனியே தம்பி?"

"பிறகு பாப்பம் அக்கா. பிள்ளை எங்கை?"

"மேல." குரல் தணிந்தது. "அவிழ்க்கிறதெண்டால் சத்தமில்லாமல் அவிழ்."

யாருக்குக் கேட்கக்கூடாது என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு உடம்பில் தெம்பில்லை.

மேல் அறையில் ஹீற்றர் எரிந்தும் குளிர்ந்தது. பயணப் பெட்டி பூட்டிக் கிடந்தது. றூபினி கட்டில் விளிம்பில் இருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய்.

"மாமா, நீங்கள் எத்தனை முடிச்சுப் போட்டனீங்கள்?"

"ரெண்டு."

"ஷுவரா?"

"அது மறக்கிற கலியாணமே பிள்ளை?"

"அப்ப எண்ணிப் பாருங்கோ."

அவள் திரும்பிக் கூந்தலைத் தூக்கினாள். பிடரியில் கயிறு உரசித் தோல் சிவந்திருந்தது. கஸ்பர் குனிந்தார். அவர் போட்ட இரண்டு முடிச்சும் வியர்வையும் சவர்க்காரமும் ஊறிக் கறுத்திருந்தன.

பக்கத்தில் மூன்றாவது ஒன்று இருந்தது.

அது மஞ்சளாக இருந்தது. இப்போதுதான் மஞ்சளில் தோய்த்தது போல. மணம்கூட வந்தது.

"ஆர் போட்டது?" குரல் அவருக்கே கேட்கவில்லை.

"ராத்திரி நித்திரையில பின்கழுத்தில ஒரு கை பட்டது. மாமியாக்கும் எண்டு பேசாமல் கிடந்தன். கை கரகரப்பா இருந்தது மாமா. மண் மாதிரி. காலமை பார்த்தா இது."

வாசலில் மூச்சுச் சத்தம். அக்கா எப்போது ஏறி வந்தாள் என்று தெரியவில்லை. முடிச்சைப் பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது.

"வந்திட்டான். சொன்ன மாதிரி வந்து போட்டிட்டான். தம்பி, அவிழ்க்காதை. மூண்டும் விழுந்திட்டுது. இனி இவள் எங்கட பிள்ளை."

"அவர் செத்திட்டார் மாமி" என்றாள் றூபினி. கத்தவில்லை. களைத்த குரலில், இரவுவேலை முடிந்து வருகிறவர்கள் பேசுவது போலச் சொன்னாள். "எனக்கு இருபத்தாறு வயசு. அவரை நேரில நாலு தரம்தான் கண்டனான். நித்திரை கொண்டு எவ்வளவு காலம். என்னை விடுங்கோ."

கஸ்பர் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். சம்மதம் என்று சொன்னது இந்த வாய். கட்டினது இந்தக் கை. கட்டும்போது ஒருவனுக்குப் பதிலாக நின்றாயிற்று. அவிழ்க்கும்போது பதிலுக்கு ஆள் இல்லை.

விறைத்த விரலால் முதல் முடிச்சைக் கிண்டினார். விட்டது. இரண்டாவதும் விட்டது.

மூன்றாவதில் நகம் வைத்தார்.

இறுகியது.

இன்னொருக்கா.

இன்னும் இறுகியது. றூபினியின் தொண்டையில் கயிறு பதிந்தது. அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்தாள்.

ஜன்னல் பூட்டித்தான் இருந்தது. ஆனாலும் அறைக்குள் காற்று இரைந்தது. மாசி மாதம் டெலிபோனில் இரைந்த அதே காற்று.

அவருடைய காதுக்குப் பின்னால், மிகக் கிட்ட:

"மாமா."

"கத்தரிக்கோல்" என்றார் கஸ்பர்.

"வெட்டாதை! அவன் கட்டினது!" அக்கா அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். றூபினியே பக்கத்து மேசையில் தடவிக் கத்தரிக்கோலை எடுத்து, பின்பக்கமாக நீட்டினாள். கஸ்பர் கண்ணை மூடிக்கொண்டு, "என்னை மன்னிச்சுக்கொள்ளடா மகனே" என்று சொல்லி, முடிச்சின் நடுவிலேயே வெட்டினார்.

காற்று நின்றது.

வெட்டின இடத்திலிருந்து அவள் முதுகு வழியே கட்டிலுக்குக் கொட்டியது மணல். காய்ந்த, வெளிறிய மணல். ஒரு பிடி வரும்.

அக்கா கயிற்றையும் தாலியையும் பொறுக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். பிறகு மணலையும் கையால் கூட்டினாள். போகும்போது றூபினி அவள் தலையைத் தடவினாள்.

சட்டனுக்கு டாக்ஸியில் கூட்டிக்கொண்டு போனார். தெரு திரும்ப முன்னமே றூபினி வாய் திறந்தபடி நித்திரையாகிவிட்டாள். வெறும் கழுத்து. அதைப் பார்க்கக் கஸ்பருக்கு ஆறுதலாக இருந்தது. தகப்பன் வந்து கதவைத் திறந்து, சின்னப்பிள்ளையைத் தூக்குவது போல அணைத்துக்கொண்டு உள்ளே போனார்.

தன் வீட்டு வாசலில் வந்து கதிரையில் விழுந்தபோது கஸ்பரின் உடம்பு முழுக்க நோவாக இருந்தது. பெண்சாதி பிறேமினி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ. சோறு ஆறுது."

குனிந்தார். சப்பாத்து நாடாவில் காலையில் அவசரத்தில் போட்ட ஒற்றைச் சுருக்கு. ஒரு இழுவையில் வரவேண்டும்.

வரவில்லை.

சுருக்குக்கு மேலே, இறுக்கமாக, இன்னொரு முடிச்சு. மற்றச் சப்பாத்திலும் அப்படியே. தொட்டுப் பார்த்தார். விரல் நுனியில் மஞ்சள் ஒட்டியது.

"என்னப்பா, ஏலாதே? கத்தரிக்கோல் கொண்டு வரட்டே?"

"வேண்டாம்!" என்று கத்திவிட்டார். பிறகு மெல்ல, "வேண்டாம் பிறேமினி. இருக்கட்டும்" என்றார்.

அன்றைக்குச் சப்பாத்தோடுதான் படுத்தார். கண்ணை மூட, கால்மாட்டில் கட்டில் கொஞ்சம் தாழ்ந்தது, களைத்து வந்த ஒருவன் மெல்ல இருந்தது போல. கஸ்பர் காலை இழுக்கவில்லை.

கடன் வாங்க வந்தவன் போட்ட முடிச்சை வெட்டிப் போட்டாயிற்று. றொஷானுக்கு அவர் இன்னும் ஒரு முடிச்சுக் கடன்.