பாதியில் நின்ற பக்கம்

கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிய அப்துல் ரஹீம், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"உங்க வீட்ல யாருக்குங்க இவ்வளவு முடி?"

சிங்காரத்தோப்புச் சந்தில் இருந்த அந்த ரிப்பேர் கடையில், மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த பிரான்சி குனிந்து பார்த்தாள். உள்ளே இருந்த சின்ன ஃபேனில் முடி. தூசியோடு ஒட்டிக்கொண்ட நாலு இழை அல்ல. ஒரு பெண்ணின் பின்னலை அவிழ்த்து, நிதானமாகச் சுற்றிச் சுற்றி வைத்ததுபோல, கறுகறுவென்று, கை நீளத்துக்கு. செம்பருத்தி எண்ணெய் வாசனைகூட அடித்தது.

போன செப்டம்பரில் வேளாங்கண்ணியில் மொட்டை போட்டவள் பிரான்சி. அவள் முடி இன்னும் காதைத் தாண்டவில்லை. வீட்டில் அவளை விட்டால் கணவன் பிரவீன்ராஜ் மட்டும்தான். அவனுக்கோ முன்மண்டை வழுக்கை.

"என் நாத்தனாரோட கம்ப்யூட்டர் பாய். அவங்க செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம்தான் எனக்கே கல்யாணம் ஆச்சு."

"ரெண்டு வருஷம் ஆன முடில எண்ணெய்ப் பிசுக்கு காயலியே." ரஹீம் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க. இதை எடைக்குப் போட்டுட்டு வேற வாங்குங்க."

"வாங்கித் தர ஆள் இருந்தா நான் ஏன் இதைத் தூக்கிக்கிட்டு பஸ்ல வரேன்?"

ரஹீம் முடியைக் கத்தரித்து எடுத்தார். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் கொண்டுவந்த பணத்துக்குள் அடங்குகிற மாதிரி சின்னதாக ஒரு எஸ்.எஸ்.டி.யும் இன்னொரு ரேமும் போட்டுத் தந்தார்.

பொன்மலைக்குத் திரும்புகிற பஸ்ஸில் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் பிரான்சி. இதற்காக நேற்று எத்தனை பேச்சு.

"எங்கூடப் பொறந்த லின்சி பன்னெண்டு வருஷம் இதுலதான் ஓட்டுனா. ஒரு வார்த்தை குறை சொல்லல. நீ வந்து ஒரு வருஷத்துல உனக்குக் குதிரை மாதிரி ஓடணுமா?" என்றான் பிரவீன்ராஜ். ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலை போக மீதி நேரத்தில் ஊரில் இருக்கிற காலேஜ் வாசலெல்லாம் ஏறி இறங்கி, கையால் எழுதிய ஆய்வுக் கட்டுகளை வாங்கி வந்து மேஜையில் போடுவது அவன். தட்டச்சு செய்வது அவள். பணத்தை வாங்கிப் பையில் போடுவது மறுபடியும் அவன்.

இன்று சாயங்காலத்தோடு அதற்கு ஒரு முடிவு. சென்னைக் கம்பெனி ஒன்றில் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. இன்றைக்கு ஆன்லைனில் டெஸ்ட். தேறிவிட்டால் சம்பளம் அவள் பெயரில், அவள் கணக்கில் வரும். அவனிடம் கை நீட்ட வேண்டியதில்லை. அதற்கு இந்தச் சனியன் பிடித்த பெட்டி ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் போதும்.

வீட்டுக்கு வந்து ஒயர்களை மாட்டினாள். பட்டனை அழுத்தினாள். இத்தனை நாளும் அரிசி உலை கொதிக்கிற நேரம் எடுத்துக்கொண்ட திரை, கண் சிமிட்டுவதற்குள் வந்து நின்றது. பிரான்சிக்கு ஒரு வருஷத்தில் முதல்முறையாக அந்த நாற்காலியில் உட்காரும்போது சிரிப்பு வந்தது.

சிரிப்பு பாதியில் நின்றது.

திரையில் ஒரு பக்கம் திறந்திருந்தது. 'காவிரிக் கரை நெசவாளர் வாழ்வியல், இயல் மூன்று.' முந்தாநாள் அவள் பாதியில் விட்ட அதே ஆய்வேடு. அவள் விட்ட இடத்துக்குக் கீழே இன்னும் நான்கு வரி கூடியிருந்தது.

போனை எடுத்தாள். "பாய், பழைய டிஸ்க்ல இருந்ததையெல்லாம் புதுசுல ஏத்திட்டீங்களா?"

"இல்லியே. அது இன்னும் என் மேஜைமேலதான் கிடக்கு. புதுசுல விண்டோஸ் மட்டும்தாங்க ஏத்துனேன், வேற ஒண்ணும் இல்ல. ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல பாய். வைக்கிறேன்."

அந்தப் பக்கத்தை மூடினாள். திறந்துகொண்டது. அழித்தாள். வந்தது. மூன்றாம் முறை, பற்களைக் கடித்துக்கொண்டு மவுஸைத் தட்டியபோது, அவள் கைக்குப் பக்கத்தில் கீபோர்டில் ஒரு கட்டை கீழே இறங்கியது. பிறகு இன்னொன்று. அவசரமில்லாமல், பழகிய கை அழுத்துவதுபோல, ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் ஒரு இடம் விட்டு, மறுபடி. திரையில் நெசவாளர்களின் கூலி பற்றி ஐந்தாவது வரி வளர்ந்துகொண்டிருந்தது.

பிரான்சி நாற்காலியை விட்டு எழுந்தாள். பயம் வருவதற்கு முன்னால் கோபம்தான் வந்தது. டெஸ்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. செத்தவளோ பிசாசோ, யாராக இருந்தால் என்ன, இன்றைக்கு இந்தப் பெட்டி அவளுக்கு வேண்டும்.

"அது என் காசுல போட்டது. கையை எடு," என்றாள், காலியான நாற்காலியைப் பார்த்து.

கட்டைகள் நிற்கவில்லை.

சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை. பிடுங்கிய பிளக் அவள் கையில் இருக்க, பெட்டிக்குள் ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. அறை முழுக்கச் செம்பருத்தி எண்ணெய் வாசனை, தலை குளித்துவிட்டு ஈரத்தோடு ஒருத்தி பக்கத்தில் வந்து நிற்பதுபோல. நாற்காலியின் மெத்தையில் ஒரு பள்ளம் இருந்தது. எழுந்த பிறகும் மேலே வராத பள்ளம். பிரான்சி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது லேசாக அசைந்து, வசதியாக உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவள் ராத்திரி இருபது பக்கம் அடித்து வைத்துவிட்டுப் படுத்தால், காலையில் நாற்பது இருக்கும். "நீ தூங்குனப்புறம் நான் உக்காந்து முடிச்சேன்," என்பான் பிரவீன்ராஜ். அதற்காகவே அவன்மேல் கொஞ்சம் இரக்கம் வைத்திருந்தாள். செல்போனில் ஒரு மெசேஜ் அனுப்ப ஒற்றை விரலால் எழுத்தைத் தேடுகிற மனுஷன். அவனா இருபது பக்கம் அடித்தான்?

ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் தெருவில் சைக்கிள் மணியும் பைக் சத்தமும். கேட் திறந்தது. பிரவீன்ராஜ் உள்ளே வந்து, சாப்பாட்டுப் பையை ஆணியில் மாட்டி, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, அறை வாசலில் வந்து நின்றான். தானாக இறங்கி ஏறும் கட்டைகளைப் பார்த்தான். பிளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனைவியைப் பார்த்தான். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"புது பார்ட் போட்டது நல்லதுதான் போல," என்றான். "முன்னைக்கு இப்ப வேகமா அடிக்கிறா."

பிரான்சி பிளக்கைக் கீழே போட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. அன்னிக்கு வேலை பாதில இருந்துச்சு. காய்ச்சல்ங்கறா, தலை நிக்கலைங்கறா. முடிச்சுட்டு எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன். முடிச்சா. நாற்காலிலயே போய்ட்டா. உடம்பைத்தான் தூக்குனோம், அவ எழுந்திரிக்கல." கையில் இருந்த புதுக் கட்டு ஒன்றைப் பிரித்து, கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டிச் சரிசெய்தான். "அதான் கம்ப்யூட்டரை மாத்த வேணாம்னேன். வேலை இருக்கற வரைக்கும் சாந்தமா இருப்பா. நீ உன் பாட்டுக்கு இரு."

"உங்க கூடப் பொறந்தவங்க."

"அவளுக்கு நான் என்ன குறை வச்சேன்?"

அந்தக் கேள்வியில்தான் பிரான்சிக்கு எல்லாம் பற்றி எரிந்தது. பன்னிரண்டு வருஷம், அதற்குமேல் செத்தும் இரண்டு வருஷம். அவனைத் தள்ளிக்கொண்டு போய் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, போதும். எழுந்திருங்க. இவனுக்கு இனிமே ஒரு எழுத்துகூட அடிக்காதீங்க. எழுந்து போங்க."

கட்டைகள் நின்றன.

அந்த வீட்டில் இத்தனை அமைதி இருந்ததே இல்லை. ஃபேனும் நின்றது. வரியின் பாதியில் கர்சர் மட்டும் துடித்தது.

பிரவீன்ராஜின் முகத்தில் முதல்முறையாகப் பயம்.

"எதுக்குடி எழுப்புனே," என்றான், மெதுவாக.

மெத்தையின் பள்ளம் மேலே எழும்பியது. நாற்காலி கறகறவென்று பின்னால் உருண்டது. திரும்பியது. பிரான்சியின் முழங்காலுக்குப் பின்னால் வந்து முட்டியது. அவள் நகர நினைத்தாள். தோளில் ஒரு கை. மறு தோளில் இன்னொன்று. ஈரமான, சில்லென்ற கைகள். அவற்றில் அன்பும் இல்லை, பகையும் இல்லை. வெறும் அவசரம்.

அழுத்தின.

பிரான்சி உட்கார்ந்தாள்.

நாற்காலி மேஜைக்கு உருண்டது. அவள் கைகள் எழுந்தன, அவளைக் கேட்காமல். விரல்கள் கட்டைகள்மேல் வைக்கப்பட்டன. இழுத்தாள். வரவில்லை. தோளிலிருந்து கைகள் விலகின. ஈரக் கால்கள் முன்னறையைக் கடந்தன. கேட் திறந்தது. மூடவில்லை. ஒருத்தி தெருவில் ஓடுகிற சத்தம் தேய்ந்து தேய்ந்து மறைந்தது.

"அக்கா," என்று கத்தினாள் பிரான்சி. வாய் திறந்ததே தவிர சத்தம் வரவில்லை. சத்தமெல்லாம் விரல்களிலிருந்துதான் வந்தது. ஃபேன் சுற்றத் தொடங்கியது. நின்ற வார்த்தை முடிந்தது. அடுத்த வரி. அதற்கடுத்த வரி.

பிரவீன்ராஜ் வெகுநேரம் வாசலிலேயே நின்றான். பிறகு போய்க் கேட்டைச் சாத்திவிட்டு வந்தான். அவள் பின்னால் நின்று, அவள் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தான். அவன் மூச்சு சீராகிவிட்டிருந்தது.

"ரெண்டாவது வரில பாரு," என்றான். "கூலியைக் குலின்னு அடிச்சிருக்கே."

அவள் கை தானாக அந்த வரிக்குத் திரும்பிப் போய், அந்த எழுத்தைத் திருத்தியது.